தேறினால் போதுமா

வகுப்பில் பேசப்படுவதில் பாதிக்கும் குறைவாகவே ஒரு குழந்தைக்கு வந்து சேர்கிறது. ஆனால் பரீட்சையில், முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்கும் சராசரிக் குழந்தையைவிட அது நன்றாகவே தேறிவிடுகிறது. இந்தக் குழந்தைக்கு அநீதி இழைக்கப்படுகிறதா, இல்லையா? தத்துவ வகுப்புக்காக ஜோடித்த கேள்வி போலத் தோன்றும் இது, 1982 மார்ச் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வழக்காக வந்து நின்றது. ஜூன் மாதம் நீதிமன்றம் 'இல்லை' என்று பதில் சொன்னது. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம்.

குழந்தையின் பெயர் ஏமி ரௌலி. நியூயார்க் மாநிலத்தில் பீக்ஸ்கில் என்ற ஊர். காதில் மிகச் சொற்பமான கேட்புத்திறனே எஞ்சியிருந்தது. பெற்றோர் இருவரும் காது கேளாதவர்கள். ஏமி உதட்டசைவைப் படிப்பதில் கெட்டிக்காரி. பள்ளியும் ஈவிரக்கமற்ற பள்ளி என்று சொல்வதற்கில்லை. ஆசிரியை பேசுவதைக் கம்பியின்றி வாங்கிப் பெருக்கித் தரும் காதுக் கருவியை அவளுக்குக் கொடுத்தார்கள். தினம் ஒரு மணி நேரம் தனி ஆசிரியர். வாரம் மூன்று மணி நேரம் பேச்சுப் பயிற்சி. பெற்றோருடன் தொடர்பு கொள்வதற்காகத் தலைமையாசிரியர் அறையில் ஒரு டெலிடைப் இயந்திரம்கூட வைத்தார்கள். பள்ளி நிர்வாகிகள் சிலர் சைகை மொழி கற்கப் போனார்கள். பெற்றோர் மேற்கொண்டு கேட்டது ஒன்றுதான்: பாட வேளைகளில் வகுப்பில் நடப்பதைச் சைகையில் பெயர்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பாலர் வகுப்பில் இரண்டு வாரம் ஒருவரை வைத்துப் பார்த்தாயிற்று, தேவைப்படவில்லை என்று பள்ளி மறுத்தது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தன. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது.

தீர்ப்பை எழுதிய ரென்க்விஸ்டை வில்லனாக்குவது சுலபம். ஆனால் அவருடைய தர்க்கத்தில் வலு இருக்கிறது, அதை முதலில் எதிர்கொள்ள வேண்டும். வழக்குக்கு அடிப்படையான 1975ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டிலுள்ள எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஊனமுற்ற குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தகுந்த கல்வி கிடைக்கவில்லை, பத்து லட்சம் பேர் பொதுப் பள்ளியிலிருந்து அறவே விலக்கப்பட்டிருக்கிறார்கள் என்று தன் முகப்பிலேயே ஒப்புக்கொண்டிருந்தது. ஆகவே சட்டத்தின் நோக்கம் கதவைத் திறப்பது. உள்ளே வந்தபின் இன்ன தரத்தில் கல்வி கிடைக்கும் என்று உத்தரவாதம் தருவது அதன் நோக்கமில்லை என்றார் அவர். ஒவ்வொரு குழந்தையின் சக்தியையும் அதன் உச்சம்வரை வளர்க்க வேண்டுமென்றால் அளவுகோல் எங்கே? காது கேட்கும் குழந்தைகளில் எத்தனை பேரை எந்தப் பள்ளி அதன் உச்சத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது. கல்வியால் குழந்தைக்குப் பயன் கிடைக்கிறதா, வகுப்புக்கு வகுப்பு தேறுகிறதா? நீதிமன்றம் பார்க்கக்கூடியது இவ்வளவுதான். ஏமி தேறுகிறாள். சராசரிக்கு மேலேயே தேறுகிறாள்.

மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய வைட், இந்த அளவுகோலின்படி உரத்த குரலுள்ள ஓர் ஆசிரியையை வைத்துவிட்டாலே காது கேளாத குழந்தைக்குச் செய்ய வேண்டியதைச் செய்ததாகிவிடும் என்றார். அதுவும் 'பயன்'தானே. கிண்டல் சரியான இடத்தில் குத்துகிறது. ஆனால் கிண்டல் மட்டும் போதாது. பயன் என்ற அளவுகோலில் எங்கே கோணல் என்பதைப் பார்க்க வேண்டும்.

தமிழில் 'கேள்வி' என்ற சொல் இரண்டு காரியங்களைக் குறிக்கிறது. காதால் பெறுவதும் கேள்வி, வாயால் வினவுவதும் கேள்வி. குறளில் கல்விக்கு ஓர் அதிகாரம், கல்லாமைக்கு ஒன்று, அதையடுத்துக் கேள்விக்கு ஒன்று. கற்காதவனுக்கும் கேள்வி உண்டு என்பது அங்கே ஒரு ஆறுதலாகச் சொல்லப்படுகிறது. நம் மரபில் கல்வியின் வேர் காதில் இருக்கிறது. காது கேளாத குழந்தை அந்த ஆறுதலுக்கும் வெளியே நிற்கிறது என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அது கிடக்கட்டும். எனக்கு இங்கே முக்கியமாகப்படுவது இந்தச் சொல்லின் இரட்டைத்தன்மை. வகுப்பில் பாடத்தை மட்டுமா குழந்தை கேட்கிறது? பின் பெஞ்சிலிருந்து ஒருவன் அசட்டுத்தனமாக ஒன்று கேட்கிறான், வகுப்பு சிரிக்கிறது, ஆசிரியை அந்த அசட்டுத்தனத்திலேயே ஒரு நியாயம் இருப்பதைக் கண்டுபிடித்து பதில் சொல்கிறாள், முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி அதை மறுக்கிறாள். வகுப்பு என்பது இதுதான். ஆசிரியையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஏமிக்கு, முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த கேள்வி தெரியாது. திரும்பிப் பார்ப்பதற்குள் கேட்டவன் வாயை மூடியிருப்பான். கேள்வியைப் பெறாதவள் கேள்வியை எழுப்பவும் முடியாது. ஏற்கெனவே கேட்கப்பட்டதையே தானும் கேட்டு வைத்துச் சிரிப்புக்கு ஆளாவோமோ என்ற பயம் ஒன்றே போதும், கை எழாது. பாடப்புத்தகத்தில் எல்லாமே இருக்கிறது, வீட்டில் படித்துத் தேறிவிடலாம். புத்தகத்தில் இல்லாதது வகுப்பு.

அவள் மதிப்பெண்கள் எங்கே சம்பாதிக்கப்பட்டன என்று பாருங்கள். தினம் ஒரு மணி, வாரம் மூன்று மணி, அதற்குமேல் வீட்டில். மற்றக் குழந்தைகள் ஒருமுறை உட்கார்ந்து பெற்றதை அவள் ஓடி ஓடிச் சேர்த்தாள். அப்படிச் சேர்த்ததையே ஆதாரமாகக் காட்டி, வகுப்பில் அவளுக்கு ஒன்றும் குறையில்லை என்று சொன்னார்கள். கூலி கொடுக்காமல் வேலை வாங்கிவிட்டு, ஆள் இன்னும் உயிரோடுதானே இருக்கிறான் என்று கேட்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

இந்த வழக்கில் எனக்கு மறக்க முடியாத விவரம் தீர்ப்பில் இல்லை, வழக்கு நடந்த விதத்தில் இருக்கிறது. பெற்றோருக்காக வாதாடிய மைக்கேல் சாட்டாஃப் தாமே காது கேளாதவர். அந்த நீதிமன்றத்தில் வாதிட்ட முதல் காது கேளாத வழக்கறிஞர். நீதிபதிகள் பேசுவது உடனுக்குடன் எழுத்தாக விழும் ஒரு திரையை அவர் முன் வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதித்தது. 'உதட்டைப் பார்த்துப் பாதியை ஊகித்துக்கொள்ளுங்கள், சட்டப் படிப்பில் தேறியவர்தானே நீங்கள்' என்று யாரும் சொல்லவில்லை. வாதத்தில் பங்கு பெற வேண்டுமென்றால் ஒவ்வொரு கேள்வியும் முழுதாக வந்து சேர வேண்டும் என்பது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. வழக்கறிஞர் வாதத்தின் பங்காளி, குழந்தை பயனின் பயனாளி. இந்த வேற்றுமைதான் அந்தத் தீர்ப்பின் அடித்தளம். (ஏமி பின்னாளில் சைகை மொழி கற்பிக்கும் பேராசிரியர் ஆனார். தீர்ப்பு சரியாகத்தான் போயிற்று என்பதற்கு இதையும் ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் இருக்கக்கூடும்.)

*

பயன் என்ற அளவுகோலின் மறுமுனையை நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் ரோசெஸ்டர் என்ற ஊரில் பார்க்கலாம். நீதிமன்ற ஆவணங்களில் 'திமோதி டபிள்யூ.' என்று மட்டும் குறிப்பிடப்படும் ஒரு சிறுவன். குறைப்பிரசவம், மூளையில் ரத்தக் கசிவு, பார்வை கேள்வி இயக்கம் அறிவு எல்லாவற்றிலும் கடுமையான பாதிப்பு. இவனுக்குக் கல்வியால் எந்தப் பயனும் விளையாது, ஆகவே கல்வி தரும் கடமை எங்களுக்கில்லை என்று பள்ளி நிர்வாகம் பல ஆண்டுகள் மறுத்து வந்தது. 1988இல் ஒரு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது: பயன்பெறும் சக்தியை நிரூபித்துவிட்டு வா என்று சட்டம் எந்தக் குழந்தையிடமும் கேட்கவில்லை.

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பயன் என்ற சொல்லின் குணம் துலங்குகிறது. கெட்டிக்காரக் குழந்தையிடம், உனக்குத்தான் பயன் கிடைத்துவிட்டதே, இன்னும் ஏன் கேட்கிறாய் என்கிறது அது. மற்றக் குழந்தையிடம், உனக்கு எதைக் கொடுத்தும் பயனில்லை, ஏன் கேட்கிறாய் என்கிறது. நடுவில் ஒரு குறுகலான இடத்தில் நிற்கும் குழந்தைக்கு மட்டும் ஏதோ கிடைக்கும். புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குப் பிறப்பின் எட்டுக் குறைகளை வரிசையாகச் சொல்கிறார். ஊமும் செவிடும் அதில் உண்டு. இவற்றில் 'ஊதியம்' இல்லை என்று அறிந்தோர் முன்பே சொல்லியிருப்பதாக நினைவூட்டுகிறார். ரோசெஸ்டர் பள்ளி நிர்வாகிகளுக்குப் புறநானூறு தெரிந்திருக்க நியாயமில்லை. கணக்கு மட்டும் ஒன்றாக இருக்கிறது.

அறம் என்று பேசுகிறவர்கள் பொதுவாக இந்தக் கணக்கை மறுப்பதில்லை. கணக்கில் வரவைக் கூட்டிக் காட்டப் பார்க்கிறார்கள். ஊனமுற்ற குழந்தை வகுப்பில் இருந்தால் மற்றக் குழந்தைகள் பரிவைக் கற்றுக்கொள்கிறார்கள் என்ற வாதத்தை எத்தனை முறை கேட்டாயிற்று. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவது, உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதில் அந்தக் குழந்தை கரும்பலகை போல ஒரு சாதனமாகிவிடுகிறது. மற்றவர்கள் பரிவைக் கற்றுத் தேறிய பின் அதற்கு அங்கே என்ன வேலை? பள்ளியில் இருப்பதற்கு அதன் பக்கத்திலிருந்து ஒரு காரணமும் வேண்டியதில்லை; மற்ற எந்தக் குழந்தையிடமும் நாம் காரணம் கேட்பதில்லை.

*

இதுவரை பொதுப் பள்ளியின் பக்கம் நின்று பேசியாயிற்று. இனி அந்தப் பக்கத்தையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

ஏமிக்குப் பெயர்த்துச் சொல்ல ஒருவரைக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வயதுக் குழந்தை. வகுப்பில் அதனுடன் பேசக்கூடிய ஒரே ஜீவன் ஒரு பெரிய மனுஷி. சண்டை போடவும் சமாதானமாகவும் ரகசியம் சொல்லவும் அந்தப் பெரிய மனுஷி வழியாகத்தான் போக வேண்டும். மற்ற முப்பது பேரும் அவள் கைகளைப் பார்க்கிறார்கள், புரிந்துகொள்வதில்லை. நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்திருந்தாலும் இந்த ஏற்பாட்டில் உறுத்தலாக ஏதோ ஒன்று இருந்துகொண்டேயிருக்கும்.

காது கேளாதவர்களின் வரலாறு முழுவதிலும் இந்த உறுத்தல் இருக்கிறது. 1880 செப்டம்பரில் மிலான் நகரில் கூடிய மாநாட்டில் 164 பிரதிநிதிகள். ஒருவரைத் தவிர அனைவரும் காது கேட்பவர்கள். காது கேளாதோர் பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே போதனை முறையாகக் கொள்ள வேண்டும் என்ற தீர்மானத்தை 160க்கு 4 என்று நிறைவேற்றினார்கள். கைகள் வகுப்பிலிருந்து விரட்டப்பட்டன. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். அந்தத் தீர்மானத்தை அதே மாநாட்டின் வாரிசு 2010இல் வான்கூவரில் நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டுகள் கழித்து. ஆனால் மிலானில் கூடியவர்கள் கொடியவர்களாக வரவில்லை. காது கேளாதவர்களைச் சமூக வாழ்வுக்கு மீட்டுத் தருவது என்பதே தீர்மானம் சொன்ன காரணம். இன்று நாம் எந்தச் சொல்லை வைத்துப் பள்ளிக் கதவைத் திறக்கிறோமோ, ஏறத்தாழ அதே சொல்லை வைத்துத்தான் அன்று ஒரு மொழியைப் பூட்டினார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் 'சேர்த்துக்கொள்ளல்' பற்றிப் பேசுவது ஆபத்தானது.

பூட்டப்பட்ட மொழி எங்கே உயிரோடிருந்தது? வகுப்பறையில் தடுக்கப்பட்டது விடுதியில் நடந்தது. காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவை. தாய்மொழி தாயிடமிருந்து வர வழியில்லை. மூத்த குழந்தையிடமிருந்து இளைய குழந்தைக்கு, விளக்கணைத்த பின் படுக்கைக்கும் படுக்கைக்கும் இடையில் அது வந்தது. ஒதுக்கிவைக்கும் ஸ்தாபனம் என்று நாம் கண்டிக்கும் அதே தனிப் பள்ளிதான் ஒரு மொழியின் கருப்பையாகவும் இருந்திருக்கிறது. நிகராகுவாவில் இது கண்முன்னாலேயே நடந்தது. 1977இல் மனாகுவா நகரில் ஒரு சிறப்புப் பள்ளி. புரட்சிக்குப் பின் 1980இல் ஒரு தொழிற்பள்ளி. அதுவரை வீடுகளில் தனித்தனியாக, வீட்டாருக்கு மட்டும் புரியும் சில சைகைகளோடு இருந்த நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஒன்றாகக் கூடினார்கள். ஆசிரியர்கள் ஸ்பானிய மொழியும் உதட்டசைவும் கற்பிக்க முயன்றார்கள், பலிக்கவில்லை. விளையாட்டு மைதானத்திலும் பள்ளி பஸ்ஸிலும் குழந்தைகள் தங்களுக்குள் ஒரு மொழியை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். 1986இல் ஜூடி கெகல் என்ற மொழியியலாளர் போய்ப் பார்த்தபோது, சிறிய குழந்தைகளின் கைகளில் இலக்கணம் இறுகிக்கொண்டிருந்தது. யாரும் கற்பிக்காத மொழி. அந்தக் குழந்தைகள் ஒவ்வொருவரும் தத்தம் தெருவிலுள்ள பள்ளியில் அன்போடு சேர்த்துக்கொள்ளப்பட்டிருந்தால் அது பிறந்திருக்காது. மொழியே தொழிலாக உள்ள நாம் இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்பது நல்லது.

அதற்காகத் தனிப் பள்ளிகளைப் பற்றி ஒரு பக்திப் பாட்டு பாட வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மிஷனரிப் பெண்கள் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளி தொடங்கியபோது, அந்தக் குழந்தைகளுக்கு வேறு எந்தப் பள்ளியும் இருக்கவில்லை. அந்தப் பள்ளிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் தனிப் பள்ளி என்ற ஏற்பாடு, மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகள் விஷயத்தில் உலகெங்கும் என்னவாக இருந்து வந்திருக்கிறது? பெரும்பாலும், கண்ணில் படாமல் வைத்திருக்கும் ஒரு கௌரவமான வழி. அவர்கள் கூடினால் பிறக்கக் காத்திருக்கும் மொழி என்று ஒன்றுமில்லை. கால் நடக்காத குழந்தைக்கோ வேண்டியது ஒரு சாய்தளம், உட்கார்ந்து எழ வசதியான ஒரு கழிப்பறை. மொழியும் வேண்டாம், தனிப் பள்ளியும் வேண்டாம். 2016ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பட்டியலை ஒரே சொல்லால் கட்டி, அந்தச் சொல்லையும் மேலும் மேலும் மரியாதையானதாக மாற்றிக்கொண்டு வருகிறோம். மரியாதை வேண்டியதுதான். ஆனால் ஒரே சொல்லுக்குள் போட்டதும் ஒரே தீர்வு போதும் என்ற மயக்கமும் கூடவே வந்துவிடுகிறது.

*

நம் சட்டங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1974இல் ஒருங்கிணைந்த கல்விக்கென்று ஒரு மத்திய அரசுத் திட்டம். 1995இல் ஒரு சட்டம். 2009இல் கட்டாயக் கல்விச் சட்டம். 2012இல் அதற்கு ஒரு திருத்தம்: கடும் குறைபாடு, பல குறைபாடு உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமை. உரிமை என்றுதான் சட்டம் சொல்கிறது. ரோசெஸ்டர் நிர்வாகிகள் இந்தச் சொல்லைக் கண்டுபிடித்திருந்தால் அவர்களுக்கு நீதிமன்றச் செலவே இருந்திருக்காது. 2016 சட்டம் அருகமைப் பள்ளியையோ சிறப்புப் பள்ளியையோ குழந்தை தேர்ந்துகொள்ளலாம் என்கிறது. நல்ல விதி. ஆனால் ஆறு வயதில் யார் தேர்கிறார்கள்? ஒரு சைகையும் அறியாத, தன் குழந்தையுடன் முழுதாக ஒரு வாக்கியம் பேசியிராத தகப்பனும் தாயும். அவர்கள் மேல் குற்றமில்லை. டாக்டர் சொன்னது 'பேச்சு வரும்' என்பதாக இருந்தால் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். இந்தியச் சைகை மொழிக்கென்று ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமாக டில்லியில் ஒரு மத்திய நிறுவனம் வந்ததே 2015இல்தான். ஒன்றியத்துக்குச் சிலர் என்று நியமிக்கப்படும் சிறப்பாசிரியர்கள் பள்ளி பள்ளியாகப் போய் வருகிறார்கள். அவர் வராத நாட்களில் குழந்தை வகுப்பில் 'இருக்கிறது', வருகைப் பதிவேட்டில் அதன் பெயருக்கு நேரே அடையாளம் விழுகிறது. பொதுத் தேர்வில் காது கேளாத மாணவருக்கு மொழிப் பாடம் ஒன்றிலிருந்து விலக்கு அளிப்பதைச் சலுகை என்கிறோம். மொழி கிடைக்காதவனுக்கு மொழியிலிருந்து விலக்கு.

இதற்கெல்லாம் நம் அரசாங்கத் தமிழ் வைத்திருக்கும் பெயர் 'உள்ளடக்கிய கல்வி'. பெயர் வைத்தவர் தம்மை அறியாமலேயே உண்மையைச் சொல்லிவிட்டார். உள்ளே, அடக்கிய கல்வி. சத்தம் போடாமல் இருக்குமானால், பாடத்தைத் தடுக்காமல் இருக்குமானால், மற்றவர்களின் வேகத்தைக் குறைக்காமல் இருக்குமானால் குழந்தைக்கு உள்ளே இடம் உண்டு.

இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு உள்ளடக்கம் என்ற சொல் வேறொரு சண்டையை ஞாபகப்படுத்தும். உருவமா உள்ளடக்கமா என்று சிறுபத்திரிகைகளில் எத்தனை வருஷங்கள் காகிதம் செலவாயிற்று. அந்தச் சண்டையில் உருப்படியாக நிலைத்த ஒரு முடிவு உண்டென்றால், புதிய உள்ளடக்கத்தைப் பழைய உருவத்தில் ஊற்றிவைக்க முடியாது என்பதுதான். உள்ளடக்கம் நிஜமாகவே புதிது என்றால் உருவம் உடையும், உருவம் உடையவில்லை என்றால் உள்ளே ஒன்றும் புதிதாக வரவில்லை. பள்ளிக்கூடம் விஷயத்தில் இதை அப்படியே சொல்லலாம். நாற்பது பேர் ஒரு திசை பார்த்து உட்கார, ஒருவர் பேச, மணி அடிக்க, வருஷக் கடைசியில் எல்லோரையும் ஒரே தாளில் அளக்கும் உருவம் அப்படியே இருக்கிறது. அதில் ஒரு குழந்தையைக் கூடுதலாக வைக்கிறோம். குழந்தை உடைகிறது, உருவம் உடைவதில்லை.

இத்தாலி 1977இல் சட்டம் போட்டுத் தனி வகுப்புகளை ஒழித்தது. அத்துடன் நிற்கவில்லை; ஊனமுற்ற குழந்தை உள்ள வகுப்பில் மொத்தம் இருபது பேருக்கு மேல் கூடாது என்றது. கூடுதல் ஆசிரியரைக் கொடுத்தது. அவர் அந்தக் குழந்தையின் காவலாளி இல்லை, முழு வகுப்புக்கும் ஆசிரியர் என்று 1992ஆம் ஆண்டுச் சட்டம் எழுதி வைத்தது. காகிதத்திலாவது உருவத்தில் கைவைத்திருக்கிறார்கள் என்ற அளவில் அதை மதிக்கிறேன். ஆனால் அதே இத்தாலி தன் சைகை மொழியைச் சட்டத்தில் அங்கீகரித்தது 2021 மே மாதத்தில்தான். மிலான் நகரம் இருக்கும் நாடு. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வகுப்பு என்ற தாராளமும், கைகளின் மொழி மொழியே இல்லை என்ற அலட்சியமும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் குடியிருந்திருக்கின்றன.

உருவம் உடைந்த இடம் ஒன்று உண்டு. அதைச் செய்தது சட்டமுமில்லை, அறவுணர்ச்சியுமில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வின்யார்ட் என்ற தீவில், தலைமுறை தலைமுறையாகக் காது கேளாமை அதிகம். நோரா குரோஸ் என்ற மானுடவியலாளர் 1985இல் வெளியிட்ட ஆய்வின்படி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சுமார் 5,700 பேருக்கு ஒருவர் என்றிருந்தபோது தீவில் 155 பேருக்கு ஒருவர். சில்மார்க் என்ற ஊரில் 25 பேருக்கு ஒருவர். விளைவு, காது கேட்பவர்கள் அனைவரும் சைகை பேசினார்கள். தூரத்துப் படகிலிருந்து படகுக்கு, காது கேட்கும் மீனவர்கள் தங்களுக்குள்ளேயே சைகையில் பேசிக்கொண்டார்கள். யார் காது கேளாதவர் என்பதே முதியவர்களுக்கு யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயமாக இருந்தது. 1817இல் ஹார்ட்ஃபோர்டில் காது கேளாதோர் பள்ளி தொடங்கியது. தீவின் குழந்தைகள் அங்கே படிக்கப் போனார்கள், தங்கள் சைகையைக் கொண்டுபோய் இன்றைய அமெரிக்கச் சைகை மொழிக்குள் கலந்தார்கள், வெளியூரில் மணந்துகொண்டார்கள், தீவில் காது கேளாமை குறைந்தது. அந்த மரபின் கடைசி நபர் 1952இல் இறந்தார்.

இதிலிருந்து எனக்குக் கிடைப்பது ஒரு எண்ணிக்கைப் பாடம். சில்மார்க் மனிதர்கள் பீக்ஸ்கில் மனிதர்களைவிட நல்லவர்கள் என்று நம்ப முகாந்திரமில்லை. 25 பேருக்கு ஒருவர் இருந்தார், அதனால் சைகை தெரியாதவன்தான் ஊமையானான். ஆயிரம் பேருள்ள பள்ளியில் ஒருத்தி என்றால் அவளுக்காக யாரும் மொழி கற்க மாட்டார்கள். பரிவு காட்டுவார்கள், அது மலிவு. ஆகவே காது கேளாத குழந்தைகள் விஷயத்தில் 'அருகமைப் பள்ளி' என்ற சட்டச் சொல்லை விட்டுவிடலாம் என்றே நினைக்கிறேன். ஒன்றியம் முழுவதும் பள்ளிக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் குழந்தைகளை ஒரே பொதுப் பள்ளியில் கூட்ட வேண்டும். பதினைந்து பேர், இருபது பேர், வெவ்வேறு வயதில். அவர்களுக்குக் காது கேளாத ஆசிரியர் ஒருவராவது வேண்டும். அந்தப் பள்ளியில் மற்றக் குழந்தைகளுக்குச் சைகை மொழி ஒரு பாடம். விருப்பப் பாடமாக இல்லை, பரீட்சை உள்ள பாடமாக. குழந்தைகள் எப்படியும் ஆறு மாதத்தில் கற்றுவிடுவார்கள், ஆசிரியர்கள் சைகையில் பேசிக்கொள்ளும் பிள்ளைகளைக் கண்டு எரிச்சல்படுவார்கள், படட்டும். தினம் பஸ்ஸில் போய்வரும் தூரம் கூடும். தெருச் சிநேகிதம் குறையும். இந்த நஷ்டங்கள் உண்மையானவை. கிடைப்பதற்கு முன் அவை ஏற்கத் தக்கவை என்பது என் கணிப்பு.

திமோதியைப் போன்ற ஒரு சிறுவனுக்கு இதே ஏற்பாட்டை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவனை எந்த ஊரிலும் கொண்டுபோய்க் கூட்ட வேண்டாம். அவன் தேற மாட்டான். தன் தெருப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அவர்கள் நடுவில் இருப்பான். சில நாள் சத்தம் போடுவான், பாடம் நிற்கும், பிறகு தொடரும்.